ஆப்பா காட்டிய இடங்கள்

புதிதாக வேலைக்கு வந்த யாரையும் "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று ஆப்பா கேட்டு நான் பார்த்ததில்லை. "உக்காரு" என்பார். தன் லைனின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அன்று முழுக்க அந்தப் பெண்ணைச் சும்மா உட்கார வைத்துவிடுவார். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ தொழிற்சாலையில் ஒருத்தி ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்காருவது லேசான காரியம் இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து கத்துவார். ஆப்பா அதை மின்விசிறிச் சத்தம்போல எடுத்துக்கொள்வார். அந்தப் பெண்ணின் கண் எங்கே போகிறது, கை எதைத் தொட்டுப் பார்க்கிறது, சலிப்பு வந்தால் என்ன செய்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே தன் வேலையைச் செய்வார். மறுநாள் காலையில் அந்த ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்துவார். "இங்க" என்பார். அவ்வளவுதான்.

ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அங்கே எச்.ஆர். பிரிவில் வேலை பார்ப்பவள் நான். எல்லாருடைய பெயரும் தெரிந்திருக்க வேண்டியது என் வேலை. ஆனாலும் எழுத மனம் வரவில்லை. அவரைவிட வயதில் பெரியவர்களும் அவரை ஆப்பா என்றே கூப்பிட்டார்கள். அவர் இறந்த செய்தி வந்த அன்று என் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது, போக முடியவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாமோ என்று இன்னும் நினைக்கிறேன். போயிருந்தால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை விட்டுவிட்டு வந்தோமே என்று நினைத்திருப்பேன். நான் அப்படித்தான். ஆப்பாவுக்கும் அது தெரியும்.

கனத்த உடம்பு. முட்டி வலி. காலையில் பர்தாவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கம்பெனி கோட்டைப் போட்டுக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டால் அவருடைய நாள் தொடங்கிவிடும். எங்கள் தொழிற்சாலையில் அவருடையது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைன். வெட்டிய தோல் துண்டுகள் ஒரு முனையில் நுழையும். ஓரம் மடித்து, பசை தடவி, தைத்து, மறுமுனையில் இடதும் வலதும் ஜோடியாக வெளியே வரும். நடுவில் ஒருத்தி தடுமாறினால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மற்ற சூப்பர்வைசர்கள் தடுமாறுகிறவளைத் திட்டுவார்கள். ஆப்பா திட்டவும் செய்வார். ஆனால் திட்டிக்கொண்டே ஸ்டூலையும் இழுப்பார்.

"எந்திரி."

"இன்னா ஆப்பா, இப்பதான கை பழகுது?"

"கை பழகல, பயந்துக்கினு இருக்குது. எந்திரி. அங்க போ."

இந்த இழுபறியால் அவரைச் சபித்தவர்களும் உண்டு. தனக்கு வேண்டியவர்களுக்கு நல்ல இடம் கொடுக்கிறார் என்று என்னிடமே புகார் வந்திருக்கிறது. அவர் தப்புக் கணக்குப் போட்டதும் உண்டு. திமிரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண்ணை, பொறுமை கம்மி என்று சொல்லி, மெஷினிலிருந்து எழுப்பிப் பசை தடவும் மேஜைக்கு மாற்றினார். அவள் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய், அங்கே சூப்பர்வைசராகவே ஆகிவிட்டாள். அதை ஆப்பாதான் எல்லாரிடமும் சொல்லுவார். "நான் எந்திரின்னு சொன்னவ, அங்க போய் ஒரு லைனையே உக்கார வெச்சிருக்கா. என் கண்ணுக்கு அது தெரியாமப் போச்சு பாரு." சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்ததும், கடைசியாக இடம் மாற்றியவளை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தூண்போல உயர்ந்து நிற்கும் தையல் மெஷினில் வளைவான பாகங்களைத் தைப்பதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் அது முதலில் சத்தத்தில்தான் தெரியும். செல்விக்கோ ஊசி முறிந்து தோல் கிழிந்த பிறகுதான் தெரியும். அதனால் மற்ற லைன்களில் அவளை வேண்டாம் என்றார்கள். ஆப்பா கேட்டு வாங்கினார். வாங்கி, நஸ்ரீனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நஸ்ரீன் அந்த லைனின் பெரிய வாயாடி. அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் மதியத்துக்குள் அந்த ஆளின் வேலை பாதியாகிவிடும்.

"இன்னா ஆப்பா, என்ன செவுத்துப் பக்கம் உக்கார வெச்ச மாரி இருக்குது?" என்று நஸ்ரீன் சண்டைக்கு வந்தாளாம்.

"செவுரா இருந்தா உன் பேச்சுக்கு இடிஞ்சி போயிருக்கும். இவ தாங்குவா. அவ மெஷின் சத்தம் மாறுனா தோள்ல தட்டு. வாய்க்கு லீவு, காதுக்கு வேலை. போ."

கொஞ்ச நாள் அப்படித்தான் ஓடியது. செல்வியின் ஊசி முறிவது நின்றது. அதன்பிறகு ஒருநாள் ஆப்பா பின்னால் வந்து நின்று பார்த்தால், இருவரும் கையாலேயே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "யா அல்லா! ஒரு வாயாடிய அடக்கலாம்னு பாத்தா ரெண்டாக்கிட்டேனே!" என்று ஆப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் திட்டை நஸ்ரீன் கையாலேயே செல்விக்குச் சொன்னாள், ஆப்பாவின் முட்டி வலி நடையையும் சேர்த்து. செல்வி சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். ஆப்பாவும் சிரித்துவிட்டுத்தான் போனார்.

லைனின் கடைசி ஸ்டூல் மல்லிகாவுடையது. முப்பது வயது தாண்டியவள்; மனது மட்டும் சின்னக் குழந்தை வயதோடு நின்றுவிட்டது. மாதனூர்ப் பக்கம் கிராமம். தினமும் காலையில் அவளுடைய அம்மா கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். இடது மேல்பாகத்தையும் வலது மேல்பாகத்தையும் வெளிச்சத்தில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால் நூலால் கட்டுவது அவள் வேலை. ஒத்துப்போகாவிட்டால் கட்ட மாட்டாள். டார்கெட் என்று சொன்னாலும் கட்ட மாட்டாள். ஒருமுறை புரொடக்‌ஷன் மேனேஜரே வந்து நின்று கட்டச் சொன்னார். மல்லிகா தலையை ஆட்டினாள்.

"இது அக்கா தங்கச்சி இல்ல சார். வேற வூட்டுப் புள்ளைங்க."

மேனேஜர் ஆப்பாவைப் பார்த்தார். "அவசரம்னா எல்லாருக்கும் கண்ணு மறைச்சிடும் சார்" என்றார் ஆப்பா. "இவளுக்கு அவசரம்னா இன்னான்னே தெரியாது. கடைசி ஸ்டூலுக்கு அப்படி ஒருத்திதான் வேணும்."

எனக்கும் ஒருமுறை இடம் காட்டினார். மகளுக்கு ஒரு வயதானபோது அவளைத் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் மறுபடி வேலைக்கு வந்தேன். மற்ற குழந்தைகள் நடந்தன. என் மகள் நடக்கவில்லை. வேலை நேரத்தில் எழுந்து எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வழியில் ஆப்பாவின் லைன். நாலு பேர் இருந்தால் என்னை மேடம் என்பார். தனியாக இருந்தால் பேட்டி என்பார்; உருதுவில் மகள்.

"மேடம், கொழந்த அழுவல. நீங்கதான் அழுவுறீங்க" என்றார் ஒருநாள், லைனே சிரிக்க. மத்தியானம் தனியாக வந்தார். "பேட்டி, நீ ஜன்னலாண்ட நிக்காத. உன்னப் பாத்துத்தான் அது நவுராம உக்காந்திருக்குது. உள்ள போய் அந்த மூலையில உக்காரு, கைய நீட்டாத. அது எங்க போவுதுன்னு பாரு." அங்கே போய் உட்கார்ந்தேன். மகள் அன்று நடந்துவிடவில்லை. ஆனால் என்னைத் தேடாமல் ஒரு சிவப்பு டப்பாவை நோக்கித் தவழ்ந்து போனாள். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏனோ வலிக்கவும் செய்தது.

அந்த வருடம் பையர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள். இந்த முறை தோலோடு ஆட்களையும் பார்ப்பார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கிறோமா என்று கேட்பார்கள் என்றார்கள். கொடுத்திருந்தோம். அதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் எல்லா லைன்களிலும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியாள் ஒருவர் நடந்து போனால் யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் எச்.ஆர். மேனேஜர் கெட்டவர் இல்லை. மல்லிகாவுக்கு பஸ்ஸில் முன்சீட்டு ஒதுக்கியவர் அவர்தான். "நாம செய்ற நல்லது யார் கண்ணுக்கும் தெரியலையே" என்பது அவருடைய வருத்தம். எல்லாரையும் சேர்த்துத் தனியாக ஒரு லைன் போடலாம், ஆரஞ்சுக் கலரில் கோட்டு கொடுக்கலாம், நுழைந்ததும் முதல் லைனாக வைக்கலாம் என்று திட்டம் போட்டார். ஆப்பாவைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"அந்த லைனுக்கு நீங்கதான் சூப்பர்வைசர். உங்கள விட்டா யாரும்மா இருக்காங்க? உங்க லைன்ல எத்தன மாற்றுத்திறனாளிங்க?"

"என் லைன்ல அப்படி யாரும் இல்ல சார். செல்வி இருக்குது. மல்லிகா இருக்குது."

"அதத்தான் கேக்குறேன்."

"சேத்து வெக்காதீங்க சார். சேத்து வெச்சா தனியாத் தெரியும். இப்ப யாருக்கும் தெரியல. அதான் அவங்க நல்லா இருக்காங்க."

"தெரியணும்னுதானேம்மா செய்றோம்!"

எனக்கு அந்த அறையில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன். "கலந்து உக்காந்திருக்கறதையே காட்டலாமே சார். அதுதான நிஜமான விஷயம்?"

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "கலந்து இருக்கறத எப்படிம்மா போட்டோ எடுக்கிறது?"

 அதற்கான பதிலை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தனி லைன் வந்தது, ஆப்பாதான் அதற்கு சூப்பர்வைசர். அதன் திறப்பு விழாவுக்கு ரிப்பன், பலூன் எல்லாம் கட்டினார்கள். பையர் அம்மா ஒருவர் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவங்க என் பக்கத்துலயா ஆப்பா உக்காரப் போறாங்க?" என்று மல்லிகா கேட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். பையர் ஆட்கள் போனதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் ஆப்பா நினைத்திருந்தார். ஆனால் வந்தவர்களுக்கு அந்த லைன் பிடித்துப்போனது. அது நிலைத்துவிட்டது. பழைய ஸ்டூல்களில் புதிய பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த லைனில் ஆப்பா பட்ட பாட்டை நான் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஸ்டூல்களை மாற்றிக்கொண்டே இருப்பார். செல்விக்குப் பக்கத்தில் இப்போது அவளைப்போலவே காது கேட்காத இன்னொருத்தி. ஊசி மறுபடி முறிந்தது. நடைவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஸ்ரீன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லுவாள். அவளுடைய புது சூப்பர்வைசர் அதட்டுவார். ஒருநாள் செல்வியின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. பாதுகாப்பு என்று சொல்லி அந்த லைனிலிருந்து மெஷின்களையே எடுத்துவிட்டார்கள். லேஸ் கோக்கிற வேலையும் லேபிள் ஒட்டுகிற வேலையும் கொடுத்தார்கள். செல்வி லேஸ் கோத்தாள். கோத்துவிட்டு, அடுத்த ஷூ வரும்வரை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எல்லா ஸ்டூலையும் மாத்திப் பாத்துட்டேன் பேட்டி" என்றார் ஆப்பா என்னிடம். "செல்விக்கு வேண்டிய ஆளு இந்த லைன்ல இல்ல. மல்லிகாவுக்கு வேண்டிய வேலையும் இல்ல. நான் எத எங்க தள்றது? ஒரே பேஜாரா இருக்குது."

பிறகு ஆர்டர் குறைந்தது. எல்லாக் கம்பெனிகளிலும் குறைந்தது. ஒரு லைனை மூட வேண்டும் என்றார்கள். எந்த லைனில் உற்பத்தி கம்மி என்று பார்த்தார்கள். பார்க்கவே வேண்டியதில்லை, முதல் லைனாக, ஆரஞ்சுக் கலரில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. ஐந்து லைன்களிலிருந்து ஒவ்வொருவராகப் பொறுக்கி வெளியே அனுப்ப யாருக்கும் மனம் வந்திருக்காது. செல்வியைத் தொட்டால் நஸ்ரீன் ஊரைக் கூட்டியிருப்பாள். ஒரு லைனை மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும்.

ஆப்பாவை மட்டும் பழைய லைனுக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர் மேனேஜர் அறைக்குப் போனார். "லைன மூடுங்க சார். ஆளுங்கள எனக்குத் திருப்பிக் குடுங்க."

"எடம் எங்கம்மா இருக்குது? இப்ப உக்காந்திருக்கறவங்கள எந்திரின்னு சொல்ல முடியுமா?"

பலநாள் அலைந்தார். மற்ற சூப்பர்வைசர்களிடமும் பேசிப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு இடம் கிடைத்தது. ஒரு பெண் கல்யாணமாகி வேலையை விட்டாள். நஸ்ரீனுக்குப் பக்கத்து மெஷின். அது செல்விக்குத்தான் போக வேண்டும். மல்லிகாவுக்கு மெஷின் வராது. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆப்பாவும் அதைத்தான் செய்தார். செல்வி வந்து உட்கார்ந்த அன்று நஸ்ரீன் இரண்டு கையாலும் பேசித் தீர்த்தாள். ஆப்பா அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் மல்லிகாவின் அம்மா கேட்டில் வந்து நின்றார். கூட மல்லிகாவும். ஆப்பாவோடு நானும் போனேன்.

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல."

"வேலை செய்யலயா?"

"நல்லா செஞ்சா."

"அப்பறம் ஏம்மா வேணான்றீங்க?"

ஆப்பா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மல்லிகா கேட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்து, "பஸ்ஸு வரல ஆப்பா, அதான் லேட்டு" என்றாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஆப்பா வேலையை விட்டார். போகிறவர்களிடம் காரணம் கேட்பது என் பொறுப்பு. "முட்டி வலின்னு போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒருத்திய எந்திரின்னு சொன்னா, கையோட இன்னொரு எடத்தக் காட்டணும் பேட்டி. அந்த தைரியத்துலதான் இத்தன வருஷம் எல்லாரையும் எந்திரின்னு சொன்னேன். மல்லிகாவையும் சொன்னேன். காட்டறதுக்கு எடம் இல்ல. இனிமே எந்த வாயால இன்னொருத்திகிட்ட சொல்லுவேன்?"

சில மாதங்கள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போது ஓடவே தொடங்கியிருந்தாள். ஆப்பா அவள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார். டீ வந்தது. ஆறும்வரை அவர் குடிக்கவில்லை. "மல்லிகா எங்க இருக்கா?" என்று கேட்டார். வீட்டில்தான் இருப்பாள் என்றேன். "அது தெரியும். எங்க உக்காந்திருக்கா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஆட்டோ கூப்புடு. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

போகலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. பார்த்துவிட்டு வருவது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று வழி முழுக்க யோசித்தேன்.  மாதனூர் தாண்டி, ஊருக்குள் திரும்பி, அவர்கள் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. மல்லிகா வாசலில் நைலான் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஒன்றுமில்லை. கையிலும் ஒன்றுமில்லை.

ஆட்டோவுக்குள் ஆப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். எங்களிடம் வரவில்லை, வீட்டுக்குள் ஓடினாள். ஆப்பா இறங்குவதற்காக ஒரு காலை வெளியே வைத்திருந்தார். அதற்குள் மல்லிகா திரும்பி வந்துவிட்டாள். தலையை வாரியிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. உள்ளே காலி டப்பா ஆடிச் சத்தம் போட்டது. பின்னாலேயே அவளுடைய அம்மா ஓடி வந்தார். எங்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"நவுருங்க ஆப்பா, டைமாச்சு" என்றாள் மல்லிகா.

ஆப்பா வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார். அந்தக் கனத்த உடம்பை ஒதுக்கி என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். நான் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் வந்தது. "இங்க" என்றார் ஆப்பா. மல்லிகா ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்தாள்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மா போவணும்?"

மெயின் ரோட்டுக்குப் போனால் ஒரு பக்கம் ஆம்பூர், இன்னொரு பக்கம் குடியாத்தம். ஆப்பா என்னைப் பார்த்தார். நான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் இருப்பா" என்றார் ஆப்பா. "யோசிக்கிறேன்."